பம்ப்புக்கு அடியில் ஓர் ஊர்

நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் பிள்ளைகள் இதைச் செய்து கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். போன மாதம் வந்த என் மகன் என் செல்போனை வாங்கி எதையெதையோ அழுத்திவிட்டு, "இனிமே நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்மா" என்றான். பாசத்தில்தான் சொன்னான். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கறிவேப்பிலை வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் யாரோ பின்னால் வருகிற மாதிரி இருக்கிறது. மருந்துக் கடைக்குக் கிளம்பினவள் வேண்டுமென்றே கோயில் பக்கம் போய், வந்த வழியை விட்டு வேறு வழியில் திரும்புகிறேன். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மருமகள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஒருத்தி எங்கே போய் வந்தாள் என்று இன்னொருவர் அளந்து பார்ப்பது எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு மூங்கில் குச்சி இருந்தது. செல்போனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குச்சிதான் ஞாபகம் வருகிறது.

அப்பாவுக்கு மரக்காணத்தில் உப்பளம். கை கொஞ்சம் நிமிர்ந்த ஒரு வருஷம் பாண்டிக்குப் போய் ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் அப்போது கார் என்று யாரும் சொல்வதில்லை, பிளசர் என்றுதான் சொல்வார்கள். உங்களில் சிலருக்கு அந்த வார்த்தையே மறந்திருக்கும். வெயிலில் நின்ற பிளசரின் கதவைத் திறந்தால் ரெக்சின் சீட்டின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். எனக்கு அது பூவாசனையைவிடப் பிடிக்கும். இன்ஜினின் பக்கவாட்டில் பெட்ரோல் பம்ப் இருந்தது. அதன் மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் பெட்ரோல் வந்து நிற்பதைப் பார்க்கவே நான் பானெட்டைத் திறக்கும் நேரத்துக்குக் காத்திருப்பேன். பின்னாளில் அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டபோது அம்மா அந்தக் கிண்ணத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு கற்பூரம் போட்டு வைத்திருந்தாள். அதுவும் எந்த வீடு மாறியபோதோ உடைந்துவிட்டது.

வாங்கிய அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒரே ஒரு முறை முயன்று பார்த்து, குவித்து வைத்திருந்த உப்பின் மேல் ஏற்றி நிறுத்தினார். வைத்த டிரைவரும் உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பங்குனி பிறக்குமுன் போய்விட்டான். உப்பு விளையும் பருவம் அதுதான். அப்போதுதான் அத்தை, "நான் ஓட்டறேண்ணா" என்றாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பாண்டியில் வாடகைக் கார் ஓட்டிய மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். சவாரி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். ஓட்ட மட்டுமில்லை, பானெட்டுக்குள் எது என்ன வேலை செய்கிறது என்பதையும் காட்டியிருந்தார். பெண்டாட்டிக்கு மல்லிகைப்பூ வாங்கிவந்த புருஷன்களை நான் பார்த்திருக்கிறேன். பம்ப்பைக் கழற்றிக் காட்டியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அப்படிப்பட்ட மனுஷனை விட்டுவிட்டு அவள் ஏன் எங்கள் வீட்டில் இருந்தாள் என்று கேட்பீர்கள். என் தம்பியின் காதுகுத்து விருந்தில் அப்பா யாரிடமோ மாமாவைக் காட்டி, "நம்ம டாக்சிக்காரரு" என்று சொல்லிவிட்டார். தமாஷுக்குத்தான் சொன்னேன் என்று சாகும்வரை சொன்னார். மாமா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து, அத்தையைக்கூடக் கூப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அதற்குப் பிறகு, தங்கச்சியை அவரே கொண்டுவந்து விடட்டும் என்று மாமா சொல்லியனுப்பினார். அவனே வந்து கூப்பிடட்டும் என்றார் அப்பா. இந்த இரண்டு 'ட்டும்'களுக்கும் நடுவில் அத்தை மாட்டிக்கொண்டாள். உனக்கு என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் சாவி கைக்கு வந்ததும் அத்தை வேறு ஆளாகிவிட்டாள். சாவி வளையத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே வீட்டுக்கும் வாசலுக்கும் நடப்பாள். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. காலையில் அப்பாவை அளத்தில் விட்டு வருவது, உச்சி வேளையில் ஆட்களுக்குக் கஞ்சியும் குடத்தில் நல்ல தண்ணியும் கொண்டுபோவது, சாயங்காலம் அப்பாவை அழைத்து வருவது என்று எல்லாவற்றிலும் நான் முன்சீட்டில் இருந்தேன். எங்களைப் பார்த்ததும் பாத்தியில் உப்பு வாரும் பெண்கள் பலகையை நிறுத்திவிட்டு நிமிர்வார்கள். அத்தை ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவாள். நான் பட்டத்து ராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அளத்தில் 'தண்ணி' என்றால் பாத்தியில் கிடக்கும் உப்புத் தண்ணீர்தான். குடிப்பது 'நல்ல தண்ணி'. அது ஊரிலிருந்து குடத்தில் வந்தால்தான் உண்டு. அங்கே பிறந்த எந்தக் குழந்தையும் இரண்டையும் மாற்றிச் சொல்லாது.

சித்திரை வெயிலில் ஒருநாள் உச்சி வேளையில் வரப்புப் பாதையில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. அத்தை பானெட்டைத் திறந்து பம்ப்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிறது, ஈரத்துணி போட்டால் அடங்கிவிடும், பாண்டியில் மாமாவும் அப்படித்தான் செய்வார் என்று சொல்லிக்கொண்டே குடத்தை எடுக்கப் போனாள். அதற்குள் அப்பா நடந்து வந்துவிட்டார்.

"குடிக்கிற தண்ணிய இன்ஜினுக்கா ஊத்துவே? ஆளுங்க நாக்கு வறண்டு நிக்கிறாங்க. தண்ணி இதோ கெடக்குது பாரு" என்றார்.

"உப்பாச்சேண்ணா."

"உப்பைத் துன்னுட்டுத்தான் நாம உசுரோட இருக்கோம். இரும்புக்கு இன்னா வந்துடும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அங்கே நல்ல தண்ணி அவ்வளவு அருமை. மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பாத்தியில் முக்கிப் பம்ப்பின் மேல் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து தினமும் அதே வைத்தியம்தான். அப்பா அதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். துணி காயக் காயப் பம்ப்பின் மேல் வெள்ளையாகப் பூத்தது. எங்கள் குதிகால் வெள்ளை, செருப்பு வெள்ளை, துவைத்த துணியின் மடிப்புகூட வெள்ளை. அந்த ஊரில் எது வெள்ளையாக இருந்தாலும் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.

இனி குச்சிக்கு வருகிறேன். வண்டியில் பெட்ரோல் காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. அப்பா ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கீறல் போட்டு, டாங்க்கில் விட்டு எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். அந்தக் கோடையில் குச்சி தினம் தினம் அதிகமாகக் காய்ந்து வந்தது. அளத்துக்கும் வீட்டுக்கும் போய்வர இவ்வளவு பெட்ரோலா என்று முதலில் முணுமுணுத்தார். பிறகு முணுமுணுப்பதையும் நிறுத்திவிட்டார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. பாண்டி ரோட்டில் இதே மாதிரி ஒரு பிளசரைப் பார்த்ததாகக் கடைத்தெருவில் ஒருவன் சொல்லிவைத்தான். அவ்வளவு போதும் அப்பாவுக்கு.

ஒரு மாலை என்னை உப்புக் குவியலுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பொரி உருண்டை கொடுத்தார். அத்தை என்னை எங்கெங்கே கூட்டிக்கொண்டு போனாள் என்று கேட்டார். அளம், கடைத்தெரு, வீடு என்றேன். பாண்டி ரோட்டுப் பக்கம் போகவில்லையா என்றார். இல்லை என்றேன். நன்றாக யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசித்துவிட்டும் இல்லை என்றேன். அவர் முகம் வாடிப்போனது. பிள்ளைக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னார். உள்ளதைச் சொல்லியும் நம்பாதவர்கள்மேல் எனக்கு வந்த முதல் கோபம் அது. எழுதும்போது இப்போதும் வருகிறது.

அம்மா அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு, போயிருந்தால்தான் என்ன, புருஷன் வீடுதானே என்றாள். அப்பாவுக்கு அது ஏறவில்லை. தான் வீறாப்பாக உட்கார்ந்திருக்கும்போது தங்கை திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள் என்றால் ஊர் சிரிக்காதா? இரவில் சாவியை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பகலில் எங்கே போனாலும் பின்சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். அப்படியும் குச்சி காய்ந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே யோசித்திருப்பார்கள். அப்பா யோசித்தது, அவளிடம் இன்னொரு சாவி இருக்க வேண்டும் என்று.

கடைசியில் முடிவைச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு தடவை குச்சி கணக்குக்கு மேல் இறங்கினால், அத்தையை வானூருக்கு உள்ளே கிராமத்தில் இருந்த சின்னத் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அங்கே மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லையைத் தவிர ஒன்றும் கிடையாது. வண்டியும் கிடையாது. அதைவிட, ஊர் சுற்றினாள் என்று அண்ணனே விரட்டிவிட்டான் என்ற பேச்சு மாமாவின் காதுக்குப் போனால் அவர் என்ன நினைப்பார்? அத்தை சாவி இல்லாத விரலை மட்டும் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தாள்.

நடுவில் ஒரு மெக்கானிக் வந்து கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கைத் தேய்த்து, லேடீஸ் ஓட்டுகிற வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பா தலையாட்டினார்.

அடுத்த வாரமே வண்டி வரப்பின் நடுவில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. துணியைப் போட்டுப் பார்த்தார்கள், எடுத்துப் பார்த்தார்கள், உயிர் வரவில்லை. அப்பா பின்சீட்டிலிருந்து இறங்கிக் குச்சியை டாங்க்கில் விட்டு எடுத்தார். முந்தின நாள்தான் பெட்ரோல் போட்டிருந்தது. குச்சியைப் பார்த்தவர், ஆட்கள் கஞ்சிக்காகக் கூடி நிற்கிறார்கள் என்பதையும் மறந்துவிட்டார்.

"பாண்டிக்கு ஓட்டி ஓட்டியே வண்டியத் தீத்துட்டே. நாளைக்கு நீ வானூருக்குக் கெளம்பு" என்றார்.

எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அத்தையின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "போறேண்ணா. அதுக்கு முந்தி ஹேண்டிலைப் போட்டு இன்ஜினைச் சுத்துங்க" என்றாள்.

அப்பா என்ன நினைத்தாரோ, சுற்றினார். அத்தை கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி அதன் வாயில் ஒரு காலி டம்ளரைப் பிடித்தாள். பீடியோடு எட்டிப் பார்த்த மேஸ்திரியைத் தூரப் போகச் சொன்னாள். பெட்ரோல் பீய்ச்சி அடித்திருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக அழுதது. கிண்ணத்தைப் பார்த்தாள். பெட்ரோல் நிறைந்திருந்தது, குமிழி இல்லை. டாங்க்கிலிருந்து பம்ப்புவரை தடையில்லை, பம்ப்புதான் மேலே தள்ளவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். பம்ப்பின் பக்கத்தில் கையால் அடிக்கும் ஒரு குட்டி லீவர் உண்டு. அதை அடித்துப் பார்த்தாள். அது நொளுநொளுவென்று போய் வந்தது. அப்பா வேர்த்துக் கொட்டி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு இன்ஜின் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினாள். ஆயில் அடையாளத்துக்கு மேலே ஏறி நின்றது. அப்பாவுக்கு அந்த நேரத்திலும் பெருமை போகவில்லை. தன் வண்டி ஆயிலே குடிக்காது என்று எத்தனையோ தரம் சொன்னவர்தானே, இப்போதும் சொன்னார். அத்தை கம்பியை முகர்ந்தாள். அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். பிறகு எனக்கும். ஆயில் தண்ணீராய் ஓடியது, பெட்ரோல் நாற்றம் அடித்தது. ஒரு குச்சியில் இறங்கியது இன்னொரு குச்சியில் ஏறியிருக்கிறது. இறங்கினதை மட்டுமே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை மண்டியிட்டுப் பம்ப்புக்கு அடியில் விரலால் தடவினாள். அங்கே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே இருக்கும் தோல் கிழிந்தால் பெட்ரோல் அந்த வழியாக வெளியே ஒழுகும், ஒழுகினால் நமக்குத் தெரிந்துவிடும். மாமா அவளுக்குச் சொல்லியிருந்தார். விரலுக்கு ஓட்டை அகப்படவில்லை. உப்பு இறுகிப்போய் அதை அடைத்திருந்தது. தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். குத்தினாள், நெம்பினாள். பல்லுப் போல ஒரு உப்புக்கட்டி பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னாலேயே பெட்ரோல் சொட்ட ஆரம்பித்தது. வெளியே வர வழியில்லாமல் இத்தனை நாளும் இன்ஜினுக்குள்ளே போய்க்கொண்டிருந்த பெட்ரோல், எல்லோர் கண்முன்னும் வரப்பு மண்ணில் சொட்டியது.

அத்தை எழுந்திருக்காமலே, தலையை மட்டும் நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள்.

"நான் போன ஊரு இதுதாண்ணா."

அப்பா அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லுவார், சொல்லுவார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன். "வண்டியத் தள்ளுங்கப்பா" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது.

பம்ப்புக்குள் இருக்கும் அந்தத் தோல் பாண்டியில்தான் கிடைக்கும். இத்தனை நாளும் எந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினாரோ அந்த ஊருக்கே ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. அப்பா போகலாம், ஆனால் என்ன கேட்டு வாங்குவது என்று தெரியாது. தெரிந்த ஒருவரிடம் போய் நிற்க மானம் விடாது. மறுநாள் காலை அத்தை பம்ப்பை என் பழைய பாவாடையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். எப்போதும் என்னைக் கூட்டிப்போகிறவள், அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்றாள். பஸ் கிளம்பியதும் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அன்று பகல் முழுவதும் ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தேன்.

சாயங்கால பஸ்ஸில் பம்ப் வந்தது. அத்தை வரவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து பாவாடைச் சுருட்டை அப்பாவிடம் கொடுத்தார். உள்ளே பம்ப் புதுத்தோல் மாட்டித் துடைத்து, கிண்ணமெல்லாம் கழுவிப் பளபளவென்று இருந்தது. அது யார் கைவேலை என்று அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது.

"தங்கச்சி ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. இனிமே துணி போடறதா இருந்தா நல்ல தண்ணியில நனைச்சுப் போடணுமாம்" என்று சொல்லிவிட்டு அவர் விசில் ஊதிக்கொண்டு ஏறிவிட்டார்.

அப்பா அந்தப் பாவாடையைப் பிடித்தபடி பஸ் போன பக்கமே நின்றார். நான் சிரித்தேன், பிறகு அத்தை இல்லாத வீடு நினைவுக்கு வந்து அழுதேன். ரொம்ப வருஷம் கழித்து ஒருநாள், ஏன் அத்தை திரும்பி வரவில்லை என்று கேட்டேன். "போகாததுக்கே அவ்ளோ பேச்சு வாங்கிட்டேன். போயிட்டே வாங்கிக்கலாமேன்னு தோணுச்சு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அப்பா அதற்குப் பிறகு ஒரு டிரைவரை வைத்தார். மூங்கில் குச்சி எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அடுப்பில் வைத்துவிட்டேன் என்று அம்மா சொல்வாள். ஆனால் வண்டியின் டிக்கியில் ஒரு குடம் நல்ல தண்ணி எப்போதும் இருந்தது. தினமும் காலையில் அப்பாவே பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவார். அது பம்ப்புக்கு. எவ்வளவு தாகம் என்றாலும் யாரும் அதைத் தொடக் கூடாது. ஒருநாள் நான் தெரியாமல் ஒரு டம்ளர் மொண்டதற்கு அப்படிக் கத்தினார்.

அடுத்த கோடையில் அத்தையும் மாமாவும் வந்தார்கள். யாரும் போய்க் கூப்பிடவும் இல்லை, யாரும் கொண்டுபோய் விடவும் இல்லை. இரண்டு 'ட்டும்'களையும் அப்படியே விட்டுவிட்டு வருகிறோம் என்று ஒரு கார்டு போட்டுவிட்டு அவர்களாகவே பஸ் ஏறி வந்துவிட்டார்கள். உச்சி வெயில். பஸ் நிற்கும் இடத்தில் அப்பா வண்டியோடு காத்திருந்தார், நானும் இருந்தேன். அத்தை முகமெல்லாம் வேர்வையோடு இறங்கினாள். பின்னால் மாமா, எங்கள் பக்கம் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு சட்டென்று பின்னால் போய் டிக்கியைத் திறந்து, அந்தக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு அத்தையிடம் நீட்டினார்.

"நல்ல தண்ணிதான். குடி" என்றார்.

அத்தை டம்ளரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். அப்பா டம்ளரை வாங்கி மறுபடியும் நிரப்பினார்.

"மாப்பிள்ளைக்குக் குடு" என்றார்.